டைவர்ஸ்ல வீடு, நகை, கடன் எப்படிப் பிரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் கிடையாது. 2018ல பரஸ்பர சம்மதத்துல விவாகரத்து வாங்குனவ, ஈரோடு பக்கம். 11 வருஷக் குடும்பத்தைப் பிரிச்சு எழுத எங்களுக்கு ஏழு மாசம் ஆச்சு, அந்த ஏழு மாசத்துல கத்துக்கிட்டதும் அதுக்கப்புறம் தெரிஞ்ச பொண்ணுங்க பசங்களோட கூட கோர்ட்டுக்குப் போய் வந்து பாத்ததும்தான் இங்க இருக்கு. உங்க கேஸ்க்கு உங்க வக்கீல் சொல்றதுதான் முடிவு, ஆனா வக்கீல் ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி இதெல்லாம் தெரிஞ்சிருந்தா உங்களால சரியான கேள்வி கேக்க முடியும்.

அக்கா, டைவர்ஸ் ஆனா புருஷன் சொத்துல பாதி எனக்கு வந்துரும்தானே?

இல்ல கண்ணு. எல்லாரும் முதல்ல கேக்கறது இதுதான், பதில் கேட்டதும் முகம் வாடறதும் இதுக்குத்தான். கல்யாணத்துக்கு அப்புறம் சம்பாதிச்ச சொத்து ரெண்டு பேருக்கும் பொதுன்னு நம்ம ஊர்ல எந்தச் சட்டமும் இல்ல. பத்திரத்துல யார் பேர் இருக்கோ சொத்து அவங்களது, அவ்வளவுதான். இந்தியால கோவா, டாமன் டையூல மட்டும் போர்ச்சுகீசியர் காலத்து சிவில் சட்டம் இன்னும் நடைமுறைல இருக்கு, அங்க வேற மாதிரி எழுதி வைக்கலன்னா ரெண்டு பேர் சொத்தும் பொதுச் சொத்து, பிரியும்போது பாதி பாதி. நமக்கு அது கிடையாது. மனைவிக்கும் பங்கு குடுக்கணும்னு ஒரு மசோதா கொண்டு வந்தாங்க, 2013ல ராஜ்யசபால நிறைவேறுச்சு, லோக்சபா தாண்டல, அப்படியே காலாவதி ஆயிருச்சு.

அதனால நமக்கு இருக்கற வழி நாலு: சீதனத்தை, அதாவது உங்களுக்குன்னு குடுத்த நகை சாமானைத் திரும்ப வாங்கறது, நம்ம பணம் போட்டதை ஆதாரத்தோட காட்டறது, ஜீவனாம்சம், இது எல்லாத்தையும் விட முக்கியமா ரெண்டு பேரும் உக்காந்து எழுதற ஒப்பந்தம். நியாயமான பங்குன்னு ஒண்ணு கிடைச்சா பெரும்பாலும் அந்த ஒப்பந்தத்துலதான் கிடைக்குது.

ஆனா வீட்டுல இருக்கற மனைவிக்கும் பாதி பங்குன்னு சென்னை ஹைகோர்ட் சொல்லுச்சே?

சொல்லுச்சு, 2023 ஜூன்ல, நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி குடுத்த தீர்ப்பு. புருஷன் சவூதில வேலை பாத்து பணம் அனுப்பறார், மனைவி இங்க பிள்ளைங்கள வளர்த்து குடும்பத்தைப் பாத்துக்கறாங்க, அந்தக் காலத்துல வாங்குன சொத்துல யாருக்கு உரிமைங்கறதுதான் வழக்கு. இந்தம்மா வீட்டைப் பாத்துக்கலன்னா அவரால வெளிநாட்டுல நிம்மதியா சம்பாதிச்சிருக்க முடியாது, ஞாயிறு லீவு கூட இல்லாத அந்த உழைப்பும் சொத்து வாங்கக் காரணம்னு சொல்லி பாதி பங்கு குடுத்தாங்க. படிக்கும்போது எனக்கு அழுகையே வந்துருச்சு.

ஆனா அது டைவர்ஸ் வழக்கு இல்ல, ஒரு தனி நீதிபதி குடுத்த தீர்ப்பு, எல்லாருக்கும் தானா பொருந்தற சட்டமும் ஆகல. உங்க வக்கீல் வாதத்துக்கு எடுத்து வைக்கலாம், கண்டிப்பா வைக்கச் சொல்லுங்க. அதை மட்டும் நம்பி வர்ற நல்ல ஒப்பந்தத்தை வேண்டாம்னு சொல்லிராதீங்க.

அம்மா வீட்டுல போட்ட நகை, சீர் சாமான் எல்லாம் யாருக்கு?

உங்களுக்கு. இதுல சந்தேகமே வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னாடி, கல்யாணத்தப்போ, அதுக்கப்புறம் உங்களுக்குன்னு யார் குடுத்ததா இருந்தாலும், அப்பா அம்மாவோ மாமியார் மாமனாரோ சிநேகிதிங்களோ, அது சீதனம், முழுசா உங்க சொத்து. புருஷன் கைல இருந்தா அவர் உங்களுக்காகப் பத்திரமா வச்சிருக்கார்னுதான் அர்த்தம், கேட்டும் தரலன்னா நம்பிக்கை மோசடி கிரிமினல் கேஸ் ஆகும். 1985லயே பிரதிபா ராணி வழக்குல சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லிருச்சு. 2024 ஏப்ரல்ல கேரளாப் பொண்ணு ஒருத்தங்க வழக்குலயும் அதேதான், 89 பவுன் நகைய முதல் ராத்திரியே புருஷன் வாங்கி பத்திரமா இருக்கட்டும்னு அவங்கம்மாகிட்ட குடுத்துட்டார்ங்கறது அவங்க புகார், நகை திரும்ப வரவே இல்ல, கடைசில 25 லட்ச ரூபா குடுக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டுச்சு.

பிரச்சனை என்னன்னா இருந்துச்சுன்னு காட்டணும். எங்கம்மாகிட்ட பில் ரெண்டே ரெண்டுதான் இருந்துச்சு. கல்யாண ஆல்பத்தை எடுத்து வச்சு ஒவ்வொரு போட்டோவா பாத்து கழுத்துல எத்தனை, கைல எத்தனை, இது ஆரம், இது நெக்லஸ், இது அத்தை போட்ட மோதிரம்னு நோட்டுல எழுதுனேன், ரெண்டு ராத்திரி ஆச்சு. மொய் நோட்டையும் தேடி எடுத்தோம், பணம் மட்டும் இல்லாம யார் யார் மோதிரம் வெள்ளிக் கிண்ணம் வச்சாங்கன்னு அதுல இருந்துச்சு. பாத்திரம் விஷயத்துல நம்ம பழக்கமே நமக்குச் சாட்சி, கடைல வாங்கும்போதே பேர் வெட்டித் தருவாங்கல்ல, எங்க பாட்டி குடுத்த பித்தளை அண்டாவுல எம் பேரும் கல்யாணத் தேதியும் புள்ளி புள்ளியா வெட்டி இருந்துச்சு, அதைக் காட்டுனதும் அவங்க பக்கத்துல அதுக்கு மேல பேசல. பேர் வெட்டுன சாமான் இருந்தா தெளிவா போட்டோ எடுத்து வைங்க.

நகைய அடகு வச்சு அவர் தொழிலுக்குப் போட்டாச்சு, இப்ப என்ன பண்றது?

அடகு ரசீது யார் பேர்ல இருக்குன்னு பாருங்க, பேங்க் நகைக்கடன்னா ஸ்டேட்மென்ட் கேட்டா குடுப்பாங்க, அதுல எடையும் இருக்கும், அது பெரிய ஆதாரம். உங்க நகைய வித்தோ வச்சோ அவர் செலவு பண்ணிருந்தா திருப்பிக் குடுக்க வேண்டியது அவர் கடமை, கஷ்டத்துக்கு எடுத்தேன்னு சொன்னாலும்.

ஒப்பந்தத்துல எழுதும்போது ரூபால எழுதாதீங்க, எடைல எழுதுங்க. 2007ல 30 பவுன் என்ன விலைக்கு வாங்குனீங்களோ அந்த ரூபாய இப்ப குடுத்துட்டு சரியாப் போச்சுன்னு சொல்லுவாங்க, அந்தக் காசுக்கு இன்னைக்கு அதுல கால்வாசி கூட வராது. 30 பவுன்னா 240 கிராம், அதை நகையாவோ, குடுக்கற அன்னைக்கு இருக்கற ரேட்டுலயோ குடுக்கணும்னு இருக்கட்டும். செய்கூலி சேதாரத்துக்கு சண்டை போட்டு நாள் இழுக்கறது வேண்டாங்கறது என் எண்ணம், எடை கைக்கு வந்தா போதும்.

வீடு அவர் பேர்ல, இஎம்ஐ அவர் சம்பளத்துல போகுது. என் சம்பளம் மளிகை, ஸ்கூல் ஃபீஸ்னு போயிருச்சு. எனக்கு ஒண்ணுமே இல்லையா?

இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகமா கேட்டிருக்கேன், எனக்கும் இதேதான் நடந்துச்சு. ஒருத்தர் காசு செங்கல்லா நிக்குது, இன்னொருத்தர் காசு சாப்பாடா ஃபீஸா ஆஸ்பத்திரி பில்லா கரைஞ்சு போச்சு, ஆனா ரெண்டும் சேர்ந்தாதான் அந்த இஎம்ஐயே கட்ட முடிஞ்சுச்சு. சட்டப்படி பத்திரம் அவர் பேர்ல இருந்தா வீடு அவரோடது, நீங்க நேரடியா பணம் போட்டதைக் காட்டுனாத்தான் பங்கு கேக்க முடியும். அட்வான்ஸ் குடுத்தப்போ உங்க அக்கவுன்ட்ல இருந்து போனது, உங்கப்பா பில்டருக்கு அனுப்புனது, பிஎஃப் எடுத்துக் குடுத்தது, எல்லாத்துக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட் எடுங்க, பழசுன்னா பிராஞ்சுல எழுதிக் குடுத்து வாங்குங்க.

மளிகைக் கணக்கும் எடுங்க. வீட்டுல பங்குன்னு கோர்ட் அதை ஏத்துக்கறது கஷ்டம்தான், ஆனா பேச்சுவார்த்தைல அதுக்கு மதிப்பு இருக்கு. நான் மூணு வருஷ ஸ்டேட்மென்ட்ட வச்சு கலர் பேனால கோடு போட்டேன், மளிகை பச்சை, ஃபீஸ் நீலம், மாமியார் மருந்து சிவப்பு. மத்தியஸ்தர் மேடம் அதை அவர் பக்கம் திருப்பி வச்சு இந்தச் சிவப்பெல்லாம் என்னன்னு கேட்டாங்க. அவர் ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தார். அன்னைக்குத்தான் அவர் வாய்ல இருந்து முதல் தடவையா ஒரு தொகை வந்துச்சு.

வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, லோனும் பாக்கி இருக்கு. எப்படிப் பிரிக்கறது?

முதல்ல இன்னைக்கு வித்தா என்ன போகும்னு பாருங்க, லோனை அதுல கழிங்க, மிச்சம்தான் பிரிக்கற சொத்து. ஒரு கணக்கு சொல்றேன். வீடு 60 லட்சம் போகுது, லோன் பாக்கி 35, மிச்சம் 25. வாங்கும்போது கைக்காசு 10 லட்சம் போட்டீங்க, அதுல 6 உங்க நகை வித்தது, 4 அவரோடது. அவங்கவங்க போட்டதை முதல்ல எடுத்துட்டா 15 நிக்குது, அதை ஆளுக்கு 7.5னு பிரிச்சா உங்களுக்கு 13.5, அவருக்கு 11.5. இது சட்டம் சொல்ற ஃபார்முலா இல்ல, நியாயம்னு எனக்குப் படற கணக்கு, இதை முன்ன வச்சுப் பேசுனவங்களுக்கு சண்டை குறைஞ்சதைப் பாத்திருக்கேன்.

ஒருத்தரே வீட்டை வச்சுக்கறதா இருந்தா ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு பத்திரம் மாத்தறது, ரெண்டு லோன்ல இருந்து மத்தவர் பேரை எடுக்கறது. ரெண்டாவதை எல்லாரும் மறந்துடறாங்க. பேங்குக்கு உங்க டைவர்ஸ் பத்திக் கவலை இல்ல, கையெழுத்து போட்ட ரெண்டு பேரும் கடன்காரங்கதான், அவர் கட்டாம விட்டா உங்க சிபில் ஸ்கோர்தான், அதாவது அடுத்த லோனுக்கு பேங்க் பாக்கற மதிப்பெண்தான் அடி வாங்கும். இருக்கறவர் சம்பளத்துக்கு மட்டும் லோன் நிக்குமான்னு பேங்க்ல கேட்டுட்டு அப்புறம் ஒப்பந்தம் எழுதுங்க.

பத்திரச் செலவும் பாத்துக்கோங்க. புருஷன் பொண்டாட்டியா இருக்கும்போது தானசெட்டில்மென்ட், அதாவது காசு வாங்காம எழுதிக் குடுக்கற பத்திரம் எழுதுனா தமிழ்நாட்டுல முத்திரைக் கட்டணம் 1 சதவீதம்தான், அதுக்கும் உச்சவரம்பு இருக்கு. டைவர்ஸ் ஆனப்புறம் நீங்க ஒரே குடும்பம் இல்ல, கிரயம்னு எழுதப் போனா முத்திரை 7, பதிவு 2னு 9 சதவீதம் ஆயிரும். எப்ப எழுதறது நல்லதுன்னு வக்கீல்கிட்ட தேதியோட கேளுங்க.

வீட்டை விட்டு வெளிய போன்னு சொல்றாங்க, வீடு மாமியார் பேர்ல இருக்கு.

போகாதீங்க. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துல நீங்க குடும்பமா வாழ்ந்த வீட்டுல இருக்கற உரிமை உங்களுக்கு இருக்கு, பத்திரம் யார் பேர்ல இருந்தாலும். மாமனார் மாமியார் பேர்ல இருக்கற வீட்டுக்கும் இது பொருந்தும்னு 2020ல சதீஷ் சந்தர் அகுஜா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. இது குடியிருக்கற உரிமை, சொத்துல பங்கு இல்ல. உயிருக்கு ஆபத்துன்னா நிலைமை வேற, முதல்ல வெளிய வாங்க, 181க்கு போன் பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

அதே சட்டத்துல பிரிவு 18ல அவர் சொத்தை விக்கக் கூடாது, லாக்கரைத் திறக்கக் கூடாதுன்னு தடை கேக்கலாம். லாக்கர் ஜாயின்ட்டா இருந்தா இதை சீக்கிரம் பண்ணுங்க.

நான் ஆம்பள. என் காசுல இடம் வாங்கி மனைவி பேர்ல பதிஞ்சேன், இப்ப தர மாட்டேங்கறாங்க. பினாமின்னு சொல்றாங்க.

தம்பி, கணக்குல காட்டுன சொந்த வருமானத்துல மனைவி பேர்ல வாங்குறது பினாமி ஆகாது, சட்டத்துலயே விலக்கு இருக்கு. உங்க பணம்தான், அவங்களுக்கு அன்பளிப்பா குடுக்கலன்னு கோர்ட்ல நிரூபிக்கணும், அந்தப் பாரம் உங்களோடது, வருஷக்கணக்குல ஆகும். ஆம்பளைங்களுக்கும் இதுல நிஜமான வலி இருக்கு, தூக்கம் கெட்டு நைட் ஷிஃப்ட் பாத்து வாங்குன இடமா இருக்கும். ஜீவனாம்சமா அவங்களுக்குக் குடுக்க வேண்டியதுல அந்த இடத்தோட மதிப்பைக் கழிச்சுக்கலாம்னு பேசிப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒத்து வர்றது அதுலதான்.

மாமனார் சொத்து, பூர்வீகச் சொத்துல எனக்குப் பங்கு உண்டா?

மருமகளா உங்களுக்கு இல்ல. இந்துக் குடும்பம்னா பூர்வீகச் சொத்துல உங்க பிள்ளைங்களுக்குப் பிறப்புலயே உரிமை உண்டு, பொண்ணா இருந்தாலும் பையனா இருந்தாலும். அப்பா அம்மா பிரிஞ்சா அந்த உரிமை போகாது. ஒப்பந்தத்துல "குழந்தைக்கும் எந்தப் பாத்தியதையும் இல்லை"ன்னு ஒரு வரி சேர்த்துக் கொண்டு வருவாங்க, அதுல கையெழுத்து போடாதீங்க.

மகளிர் குழுல என் பேர்ல லோன் எடுத்து அவருக்குக் குடுத்தேன். அது?

குழுவைப் பொறுத்தவரை கட்ட வேண்டியது நீங்கதான், வாராவாரம் வாசல்ல வந்து நிக்கறதும் உங்க வாசல்லதான். அதான் சொத்துப் பட்டியல் எழுதும்போதே பக்கத்துல கடன் பட்டியலும் எழுதுங்கன்னு சொல்றேன்: குழு லோன், நகைக்கடன், பைக் டியூ, சீட்டு எடுத்தது, உங்கண்ணன்கிட்ட கைமாத்தா வாங்குனது, யார் பேர்ல வாங்குனது, யாருக்காகச் செலவாச்சு, பாக்கி எவ்வளவு. அவருக்காக வாங்குன கடனை அவர் ஒரே தடவைல அடைச்சு ரசீது குடுத்தப்புறம்தான் கடைசிக் கையெழுத்து. மாசாமாசம் தர்றேன்னு சொல்றதை நம்பி மூணு வருஷமா தானே கட்டிட்டு இருக்கற பொண்ணு எனக்குத் தெரியும். சூரிட்டி கையெழுத்து போட்டதையும் பட்டியல்ல சேருங்க.

அவர் வருமானத்தை மறைக்கறார், சம்பளமே இல்லன்னு சொல்றார்.

2020 நவம்பர்ல ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்குல சுப்ரீம் கோர்ட் ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு. ஜீவனாம்ச வழக்குல ரெண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமா தாக்கல் பண்ணணும், பொய் சொன்னா நடவடிக்கை உண்டு. ஜீவனாம்சமும் மனு போட்ட தேதில இருந்து கணக்காகும். நீங்களும் மறைக்கக் கூடாது, வேலைக்குப் போயிட்டே வருமானம் இல்லன்னு எழுதுனா மொத்தக் கேஸும் கெட்டுப் போகும். சொத்து இருக்கான்னு பாக்க பதிவுத்துறை வெப்சைட்ல வில்லங்கம் போட்டுப் பாருங்க, எந்த ஊர்னும் சர்வே நம்பரும் தெரிஞ்சா போதும்.

ஜீவனாம்சம் எவ்வளவு வரும்? மாசாமாசமா, மொத்தமாவா?

நிலையான கணக்கு கிடையாது. 2017ல ஒரு வழக்குல நிகரச் சம்பளத்துல 25 சதவீதம் சரின்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதை எல்லாரும் எடுத்துச் சொல்லுவாங்க, அது அளவுகோல் மாதிரிதான். வயசு, படிப்பு, வேலைய விட்டது, எத்தனை வருஷக் குடும்பம், எப்படி வாழ்ந்தீங்க, அவரை நம்பி யார் யார் இருக்காங்க, எல்லாம் பாப்பாங்க. 2024 டிசம்பர்ல ரெண்டு பெரிய தீர்ப்பு வந்துச்சு, ஒண்ணுல 5 கோடி, இன்னொண்ணுல 12 கோடி, அந்த ரெண்டாவதுலயே புருஷன் சொத்துக்குச் சமமா கேக்கறது ஜீவனாம்சம் இல்லன்னு தெளிவா சொன்னாங்க. நீங்க மறுகல்யாணம் பண்ணுனா மாசத் தொகையை நிறுத்தச் சொல்லி அவர் கேக்கலாம், சீதனத்தை யாரும் கேக்க முடியாது. என்னைக் கேட்டா மொத்தமா வாங்கிருங்க, மாசாமாசம் அவர் மெசேஜுக்குக் காத்திருக்கற வாழ்க்கை வேண்டாம். குழந்தைக்கு வர்றது தனி, அதை எந்த ஒப்பந்தத்துலயும் விட்டுக் குடுக்காதீங்க, அது உங்க காசு இல்ல, குழந்தையோட காசு.

ஒப்பந்தம் எழுதும்போது எதைப் பாக்கணும்?

பரஸ்பர சம்மத டைவர்ஸ்ல ரெண்டு தடவை கோர்ட்டுக்குப் போகணும், நடுவுல ஆறு மாசம். 2017ல இருந்து இந்த ஆறு மாசத்தை கோர்ட் நினைச்சா தள்ளுபடி பண்ணலாம். கடைசித் தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடி யார் வேணா சம்மதத்தை வாபஸ் வாங்கலாம், அதனால பணமும் பத்திரமும் ரெண்டு கட்டமா நகரட்டும், முதல் நாள் பாதி, ரெண்டாவது நாள் கோர்ட்லயே டிடியா மீதி. நகை குடுத்தா எடை போட்டு ரெண்டு பேரும் கையெழுத்து. எல்லாம் மனுவுக்குள்ளயே இருக்கணும், வாய்ப்பேச்சு எதுவும் வேண்டாம். "எல்லா பாக்கியும் தீர்ந்தது"ங்கற வரிக்கு முன்னாடி ஒரு ராத்திரி தூங்கி எழுந்துட்டு படிங்க.

முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இதேதானா?

பத்திரத்துல யார் பேரோ அவங்க சொத்துங்கறது எல்லாருக்கும் ஒண்ணுதான். முஸ்லிம் பெண்களுக்கு மஹர் (கல்யாணத்துல மாப்பிள்ளை பொண்ணுக்குத் தர ஒத்துக்கற தொகை), கல்யாணத்துல வந்த பொருள் எல்லாம் திரும்ப வரணும், இத்தா காலத்துக்குள்ள (டைவர்ஸுக்கு அப்புறம் பொண்ணு மறுகல்யாணம் பண்ணாம காத்திருக்கற காலம்) எதிர்காலத்துக்கும் சேர்த்து நியாயமான தொகை குடுக்கணும்னு 2001ல டானியல் லத்தீஃபி வழக்குல தீர்ப்பாச்சு. கிறிஸ்தவங்களுக்கு 1869 விவாகரத்துச் சட்டம், அதுலயும் ஜீவனாம்சம் உண்டு.

வக்கீலுக்குக் குடுக்கக் காசில்ல அக்கா.

பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு, 1987 சட்டப்படி. மாவட்ட கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், இல்லன்னா 15100க்கு போன் பண்ணுங்க. பயப்படாம போங்க.

தீர்ப்பு வந்துருச்சு. இன்னும் என்ன வேலை?

தீர்ப்போட சான்றிட்ட நகல் நாலஞ்சு வாங்கி வைங்க. பட்டா, இபி கனெக்‌ஷன், வீட்டு வரி ரசீது பேர் மாத்துங்க. இன்சூரன்ஸ், பிஎஃப், பேங்க் எல்லாத்துலயும் நாமினி பாருங்க, பழைய பேரே கிடக்கும். ஜாயின்ட் அக்கவுன்ட், லாக்கர் மூடுங்க. சமையல் கேஸ் கனெக்‌ஷன் யார் பேர்லன்னு பாருங்க. ரேஷன் கார்டுல இருந்து பேரை நீக்கி, நீங்களும் குழந்தையும் புதுக் கார்டுக்கு எழுதிப் போடுங்க, இதுக்கு அந்தத் தீர்ப்பு நகல் கேப்பாங்க, ஒரிஜினலைக் குடுத்துட்டு வந்துராதீங்க.